பத்மநாபன் பெயரில் பேசியவன்

சனிக்கிழமை காலை பதினொரு மணி. ஷ்ரேயஸ் அம்மா சுட்டுப்போட்ட நாலாவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது மொபைல் அடித்தது. ஹாஸ்டல் நம்பர். எச்சில் கையோடு பால்கனிக்கு ஓடி, தொண்டையைக் கனைத்து, ஐம்பது வயதுக் குரலை வரவழைத்துக்கொண்டான்.

"ஹலோ, பத்மநாபன் பேசறேன்."

பத்மநாபன் என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிறார். ஷ்ரேயஸோடு படிக்கும் கேஷவின் தாய்மாமா. ஹாஸ்டலிலிருந்து அரைமணி பஸ் தூரத்தில், புனேயின் போபோடியில் வீடு. ஆனால் மனுஷன் பொல்லாத கண்டிப்புக்காரர். கேஷவ் ஒரு சினிமாவுக்குப் போனால்கூடத் திருச்சியில் இருக்கும் தங்கைக்கு, அதாவது கேஷவின் அம்மாவுக்கு, தகவல் போய்விடும். அதனால் கேஷவ் என்ன செய்தான்? ஹாஸ்டல் படிவத்தில் 'லோக்கல் கார்டியன்' என்ற இடத்தில் மாமா பெயரை எழுதி, பக்கத்தில் ஷ்ரேயஸின் நம்பரைப் போட்டுவிட்டான். 2003-ல் மொபைல் வைத்திருந்த பையன்கள் கொஞ்சம் பேர்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த ஷ்ரேயஸுக்கு இந்தியும் மராத்தியும் தண்ணீர் பட்ட பாடு. வார்டனை ஏமாற்றுவது பெரிய சாமர்த்தியம் என்று இரண்டு பேருக்கும் நினைப்பு. நல்ல சாமர்த்தியம் போங்கள்!

வார்டன் காலே பதற்றமாக இந்தியில் கேட்டார். கேஷவ் உங்கள் வீட்டில் இருக்கிறானா? டிபனுக்கு வரவில்லை. அறைக்குள்ளே ஒரு மணி நேரமாக அலாரம் அடிக்கிறது, தட்டினால் பதில் இல்லை. இழுத்தாலே பூட்டிக்கொள்ளும் கதவு, உள்ளே ஆள் இருக்கிறானா என்று தெரியவில்லை. மாற்றுச் சாவியும் இல்லை, உடைப்பதற்கு ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஷ்ரேயஸுக்குச் சிரிப்பு வந்தது. முந்தின நாள்தான் கேஷவ் சொல்லியிருந்தான்: "நாளைக்கு நாங்க கடக்வாஸ்லா டேமுக்குப் போறோம்டா. வார்டன் கேட்டா மாமா வீட்ல இருக்கேன்னு சொல்லிடு." தடியன், அலாரத்தை நிறுத்தாமலே கிளம்பியிருக்கிறான்!

"இங்கேதான் இருக்கான் சார். ராத்திரியே வந்துட்டான். திங்கட்கிழமை அனுப்பி வைக்கிறேன்" என்று ஷ்ரேயஸ் சரளமாக இந்தியில் அளந்தான்.

காலே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, சுத்தியலோடு நின்றவனைத் திருப்பி அனுப்பினார். ஷ்ரேயஸ் ஐந்தாவது தோசைக்குப் போனான்.

கேஷவ் எங்கேயும் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே நினைவில்லாமல் கிடந்தான். பன்னிரண்டு வயதிலிருந்து அவனுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. பையன்கள் நோயாளி என்று கேலி செய்வார்களே என்று பயந்து, படிவத்தில் 'நோய் ஏதேனும் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தான். ஷ்ரேயஸுக்கே தெரியாது. அன்று காலை ஊசி போட்டுக்கொண்டவன், குமட்டுகிறதென்று சாப்பிடாமல், அலாரம் வைத்துப் படுத்துவிட்டான். ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு, ஊருக்குப் போயிருந்த அறைத்தோழன் திரும்பி வந்து சாவி போட்டுத் திறக்கும்வரை யாரும் பார்க்கவில்லை.

வார்டன் மறுபடி 'பத்மநாபனுக்கு' போன் அடித்தார். விஷயம் காதில் விழுந்ததும் ஷ்ரேயஸ் போனை அணைத்துவிட்டான். வார்டன் திருச்சி வீட்டுக்குப் போன் பண்ண, அங்கிருந்துதான் நிஜப் பத்மநாபனுக்குச் செய்தி போனது.

திங்கட்கிழமை காலை மனசு கேட்காமல் போனை ஆன் செய்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வராந்தாவில் வார்டனும் நிஜப் பத்மநாபனும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். "நீங்கள்தானே வீட்டில் இருக்கிறான் என்றீர்கள்?" என்றார் ஒருவர். "எனக்கு யாருமே போன் பண்ணவில்லையே!" என்றார் மற்றவர். திருச்சியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கேஷவின் அம்மா நீலா, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணனின் மொபைலில் அந்த நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

ஷ்ரேயஸின் சட்டைப்பையில் மணி அடித்தது.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான்தான் ஆன்ட்டி... நான்தான் பேசினேன்" என்று திக்கினான்.

நீலா அடிக்கவில்லை, திட்டவில்லை. "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. கதவை உடைச்சிருப்பாங்களே" என்றாள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் குளுகோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்திருப்பான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலாம் நாள் கேஷவ் கண் திறந்தான். அம்மாவை அடையாளம் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து அவனைக் கைத்தாங்கலாக ரயிலேற்றித் திருச்சிக்குக் கூட்டிப்போனார்கள். அப்போதும் தெரியவில்லை.

ரயில் போன மறுநாள் ஷ்ரேயஸ் தானாகவே வார்டன் அறைக்குப் போனான். "சார், ரெஜிஸ்டர்ல இன்னும் நாலு பேருக்கு என் நம்பர்தான் இருக்கு" என்றான். நாலு பேரையும் அவனே கையோடு இழுத்து வந்து, புதுப் படிவங்களை நீட்டினான்.

"அரே, எங்க சித்தப்பா நம்பரைப் போட்டா ஹாஸ்டலை விட்டு நகர முடியாதுடா" என்று முனகினான் நாலு பேரில் ஒருவனான ராகவேந்திரா.

"நகராட்டா ஒண்ணும் குடி முழுகாது" என்றான் ஷ்ரேயஸ். "வெளியே போறதுக்குப் பர்மிஷன் வாங்கவா இந்தப் பேப்பரைக் கேக்கறாங்க? நீ பேச முடியாமக் கிடக்கறப்போ உனக்காக யாரைக் கூப்பிடணும், உன் உடம்புக்கு என்னன்னு டாக்டர்கிட்ட எதைச் சொல்லணும், அதுக்குத்தான் கேக்கறாங்க. இதுல எழுதற பொய் ஆளைக் கொல்லும்டா. உண்மையை எழுது."

ராகவேந்திரா சித்தப்பாவின் நம்பரை எழுதினான். 'நோய் ஏதேனும் உண்டா' என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு 'ஆஸ்துமா' என்று எழுதினான்.