சாம்பாரில் உப்பு

வேம்படிப்பாக்கத்தில் ஒருவரைப் பார்த்து யாராவது "நீ என்ன பெரிய அப்பாடக்கரா?" என்று கேட்டுவிட்டால், அவர் தரையிலிருந்து மூன்றடி உயர்ந்துவிடுவார். பிறகு ஆயுசுக்கும் அந்த உயரத்தில்தான் நடப்பார். ஊரில் ஏறக்குறைய எல்லாருமே அப்படிக் கேட்கப்பட்டவர்கள் என்பதால், கல்யாண மண்டபத்து மேடைக்குப் படி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஏகாம்பரம் மட்டும் ஐம்பது வயது தாண்டியும் தரையில் நடந்தார். எதைச் சொன்னாலும் "எனக்குத் தெரிஞ்சவரைக்கும்... தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க" என்று முடிக்கிறவரிடம் யார் அப்படிக் கேட்பார்கள்? கேட்கவைக்க ரேஷன் கடை வரிசையில் முந்திப் பார்த்தார். "பாவம், அவசரம் போல" என்று வழிவிட்டார்கள். நேற்று மச்சினன் தட்சிணா அவரைக் கட்டிக்கொண்டு, "மாமா, நீங்க என்ன பெரிய அப்பாடக்கரா?" என்று கண்கலங்கக் கேட்டான். அன்போடு கேட்டதால் ஏகாம்பரம் கணுக்கால்வரை பூமிக்குள் இறங்கிவிட்டார். எடுக்கக் கடப்பாரை தேவைப்பட்டது.

இன்று மகள் பவித்ராவுக்குக் கல்யாணம். மேடையில் அவளுக்குப் பக்கத்தில் மனைவி குணவதி. கல்யாணமான முதல் வாரமே மாமியாரிடம் உயரம் வாங்கியவள்.

"கொஞ்சம் தூக்கிவிட்டா ஏறிடுவேன் சாமி," என்றார் கீழே நின்ற ஏகாம்பரம்.

"தூக்கிவிட்ட தகப்பன் தாரை வார்த்தா செல்லாது. உங்களுக்குப் பதிலா மச்சினனை வரச் சொல்லுங்கோ," என்றார் ஐயர்.

பவித்ரா அப்பாவையே பார்த்தாள்.

ஏகாம்பரம் சமையல்கட்டுக்குப் போனார். சாம்பாரை உள்ளங்கையில் வாங்கி நக்கினார். நிஜமாகவே குறைகிறதா, நாக்குதான் மரத்துப்போனதா, சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று கேள்விகள் வழக்கம்போல வந்து நின்றன. அவற்றை நிற்கவைத்துவிட்டுச் சொன்னார்.

"உப்பு பத்தாது."

சமையல் மாஸ்டர் பரந்தாமன் கரண்டியோடு காற்றில் திரும்பினார். "தெரிஞ்சவரைக்குமா சார்?"

"இல்ல. பத்தாது."

"யோவ், முப்பது வருசமா கரண்டி புடிக்கிறேன். எனக்கே உப்பு சொல்ல, நீ என்ன பெரிய அப்பாடக்கரா?"

ஏகாம்பரத்தின் பாதத்துக்கடியில் சில்லென்று காற்றுப் பட்டது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் நடுவே நடந்து நேரே மேடைக்குப் போனார். யாரும் கைகாட்டாமலே தவில்காரர் கெட்டிமேளம் கொட்டினார். குணவதி நீர் வார்க்க, மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மேடையிலிருந்து சமையல்கட்டு தெரிந்தது. பரந்தாமன் சாம்பாரை நக்கிப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அண்டாவிடம் குனிந்தார்.

"உப்பு கேக்குதா உனக்கு? நீ என்ன பெரிய அப்பாடக்கரா?"

அண்டா அடுப்பை விட்டு மூன்றடி எழும்பி நின்றது. உதவியாட்கள் அடுப்பை உயர்த்தச் செங்கல் எடுக்கப் போனார்கள்.