தட்டியும் பறக்காத புறா

காட்டுக்குள் போகிற மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவது எங்கள் வேலை. ஏறுவது நான். கீழே கயிறு பிடிப்பவன் என் மச்சினன். மரத்தை அண்ணாந்து பார்த்து, பாம்போ தேன்கூடோ இல்லையென்று சொல்வது என் வீட்டுக்காரி. அவள் சொல்லாமல் ரம்பம் வைக்க மாட்டேன்.

அன்று ஓர் அத்திமரத்தின் அடியில் அவள் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"வேணாம். உள்ள ஒரு புறா போச்சு. வெளிய வரல."

எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி கோடாரிக் காம்பால் அடிமரத்தை ஓங்கித் தட்டினார். ஏதாவது இருந்தால் பறந்துவிடும் என்பது எங்கள் கூட்டத்தின் கணக்கு. ஓர் இலைகூட அசையவில்லை.

"என்ன நிறம்மா?"

"பச்சைண்ணே."

"பச்சையில புறாவா? நேத்து கொடியப் பாத்துப் பாம்புன்ன. இன்னிக்கும் ஒண்ணும் இல்லேன்னா நாளைலேர்ந்து நீ கொப்பு இழு. பாக்குறதுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

வெட்டி விழும் கொப்பை இழுத்தால் அவள் முழங்கால் ஒரு வாரம் தாங்காது. அது அவருக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். ஏறினேன்.

வெட்ட வேண்டிய கிளை முழுக்கச் சிவந்த பழம். புறா மட்டும் இல்லை.

"மச்சான், புறா இருக்கா, தூக்கம் வந்துருச்சா?" என்றான் மச்சினன் கீழேயிருந்து.

"கயிறப் பிடிடா மாப்ள."

போனது வரவில்லை என்று அவள் சொன்னால் வரவில்லைதான். தட்டியும் பறக்காதது அசையாமல் ஒளிந்திருக்கிறது. அப்படியானால் நானும் அசையக்கூடாது. கவட்டையில் உட்கார்ந்தேன். ஓய்ந்துபோன உடம்புக்கு அது ஒன்றும் தண்டனை இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஓர் இலை பழத்தை விழுங்கியது.

பிறகுதான் சாம்பல் தலை தெரிந்தது, மஞ்சள் கால் தெரிந்தது, முழுப் புறாவும் தெரிந்தது. அதற்கு அப்பால், நான் வெட்ட வேண்டிய கிளையிலேயே, நாலு சுள்ளிமேல் இன்னொன்று. கை எட்டும் தூரம். என்னைப் பார்த்தபடியே அடைகாத்தது.

"மேஸ்திரி, ரெண்டு இருக்கு. ஒண்ணு அடையில இருக்கு."

"பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசாத."

"அப்ப ஏறி வந்து பாருங்க."

"அவரு கனத்துக்குக் கயிறு தாங்காது மச்சான்" என்றான் மச்சினன்.

"இங்க வந்து நில்லுங்கண்ணே" என்றாள் அவள். "நான் கைய நீட்டுற பக்கமா, சும்மா பாத்துக்கிட்டே இருங்க."

மேஸ்திரி வந்து நின்றார். முதல் புறா நுனிப்பழத்துக்காகத் தலைகீழாகத் தொங்கியது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னும் அண்ணாந்தார்.

"நுனிய மட்டும் எடுத்தாக் கம்பில படாதுல்ல?" என்று நான் கேட்டேன். "எங்க வெட்டட்டும்?"

"என்னை ஏன் கேக்குற? பாக்குற ஆளக் கேளு."

அவள் அவசரப்படவில்லை. அடியிலிருந்து நுனிவரை அந்தக் கிளையைப் பார்த்து முடித்தாள்.

"அந்தக் கணுவுக்கு வெளிய. கைரம்பத்தால, மெதுவா."