ஆழ்கடல் ஆந்தையின் ஒற்றைப்படை இதழ்கள்

லிஃப்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒருவர்தான். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். பாதி நகரத்தை மேலே ஏற்றி மீதியைக் கீழே இறக்கியது அவர்தான் என்று சொன்னால் அதில் பொய் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் காமிக்ஸ் சேர்ப்பது. ஒன்பது வயதில் சேர்ந்து, அறுபத்து நாலு வரை ஒரு நாள்கூட லீவு போடாத உத்தியோகம்.

ஆரம்பித்து வைத்தவள் அக்கா. அவளுக்கு அப்போது பன்னிரண்டு. ‘ஆழ்கடல் ஆந்தை’ என்று ஒரு காமிக்ஸ் நாயகன், கடலில் முக்குளித்துத் துப்பறிபவன்; தலையில் பித்தளைக் கூண்டு, இடுப்பில் கத்தி, எந்தக் கடலிலும் இரண்டு பக்கத்துக்கு மேல் மூச்சு முட்டாதவன். மாத இதழ் என்று அட்டையில் அச்சடித்திருக்கும். வருடத்துக்கு நாலு வந்துவிட்டால் அந்த வருடம் பத்திரிகைக்காரர் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்திருக்கிறார் என்று அர்த்தம். அக்காவும் தம்பியும் கைச்செலவுக் காசைச் சேர்த்துத்தான் வாங்குவார்கள். வாங்கியது யாருக்குச் சொந்தம் என்று நடந்த போரில் மூன்றாம் இதழின் அட்டை இரண்டு கண்டங்களாகப் பிரிந்தது.

அன்றைக்கு அக்கா சட்டம் போட்டாள். ஒற்றைப்படை எண் தம்பிக்கு, இரட்டைப்படை அக்காவுக்கு. படிப்பது ரெண்டு பேரும் படிக்கலாம். ஆனால் ஒருத்தர் எண்ணை இன்னொருத்தர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, செத்தாலும் கூடாது. எத்தனையோ நாட்டுச் சட்டங்கள் திருத்தப்பட்டுவிட்டன. இந்தச் சட்டத்தில் ஒரு கமா மாறவில்லை.

பத்து வயதில் தம்பி இதழைத் தின்றான். நிஜமாகவே, பரபரப்பான கட்டம் வந்தால் ஓரத்தைக் கிழித்து மெல்லுவான். இருபதில் தொலைந்துபோன ஒரு இதழுக்காக மூன்று பஸ் மாறி, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் நுழைந்து, மாப்பிள்ளையிடம் பேரம் பேசினார். முப்பதில் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதற்கு இன்னொரு பட்டியல். அக்கா கல்யாணமாகி நாலு தெரு தள்ளிப் போனபோது இரட்டைப்படைகள் இரும்புப் பெட்டியில் கூடவே போயின. அத்தான் வந்தது பெண்ணைக் கூட்டிப் போகவா, பெட்டியைத் தூக்கவா என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதழ்கள் கைமாறின.

நாற்பது வயதில்தான் வினை வந்தது. சேகரிப்பாளர்கள் கூடும் ஒரு கண்காட்சிக்குப் போனார். அங்கே பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த ஒருவர், “திறந்த புத்தகம் வெறும் காகிதம் சார். திறக்காததுதான் சரக்கு” என்றார். அவ்வளவுதான். பிளாஸ்டிக் உறையின் வாயைச் சூடு வைத்து ஒட்டும் மெஷின் ஒன்று மறுநாளே வீட்டுக்கு வந்தது. அது மழைக்காலம். பத்து நாளாக விடாத மழை. வீட்டுச் சுவருக்கே வியர்த்துக்கொண்டிருந்தது. அந்த ஈரத்திலேயே ஐம்பத்தொரு இதழ்களையும் உறையில் போட்டுச் சீல் வைத்தார். 103 வந்தது. வாங்கிய கையோடு, முதல் பக்கத்தைக்கூடப் பார்க்காமல் அதையும் ஒட்டினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றையும் அச்சு ஈரம்கூடக் காயவிடாமல் அப்படியே.

102-ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் ஆந்தையை எரிமலைக் குகையில் பாறை வைத்து அடைத்திருந்தார்கள். எப்படித் தப்பினான் என்பது 103-இல். அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து கை நீட்டினாள்.

“பிரிக்க முடியாதுக்கா. பிரிச்சா மதிப்பு போயிடும்.”

“யாருக்கு மதிப்பு?”

“புத்தகத்துக்கு.”

“சரி” என்றாள் அக்கா. அந்தச் ‘சரி’ இருபத்து நாலு வருடம் நீடித்தது. நல்லது கெட்டதுக்கு வந்தாள், போனாள், பேசினாள், சிரித்தாள். காமிக்ஸ் என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவில்லை. தன் இரட்டைப்படைகளை வாங்குவதை அவள் நிறுத்தவும் இல்லை. சட்டத்தை மீறி ஒரு ஒற்றைப்படையை வாங்கவும் இல்லை. 160-ஆம் இதழோடு ஆந்தை ஓய்ந்தான். ஒவ்வொரு இதழின் தொடக்கத்திலும் பெட்டி கட்டி முன்கதை போடுவார்கள். அக்காவின் 104-இல் இப்படி இருந்தது: ‘குகையில் அடைக்கப்பட்ட ஆந்தை தந்திரமாகத் தப்பினான்.’ இந்த மாதிரி ஒற்றை வரிகளை நம்பியே அவள் மீதிக் கதையை வாழ்ந்திருந்தாள்.

போன மாதம் போன் வந்தது.

“டேய், ஒரு கண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு ரெண்டு மூணு மாசம் தாங்கும்னு டாக்டர் சொல்றார். உன் ஒத்தைப்படை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வா. ஒரு தடவை வரிசையாப் படிச்சு முடிச்சிடணும். முதல்ல 103. அந்தத் தந்திரம் என்னன்னு தெரியாமக் கண்ணை மூட மாட்டேன்.”

“வரேன்க்கா” என்றார். நாலு தெருதான். போய்ச் சேர அவருக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று.

முதல் மூன்று நாள் உறைகளைத் துடைத்தார். நாலாம் நாள், வேறொரு 103 கிடைத்தால் சீல் வைத்ததைத் தொட வேண்டாமே என்று பழைய புத்தகக் கடைகளைச் சல்லடையாகச் சலித்தார். கடைசிக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“103-ஆ சார்? இந்த ஊர்ல ஒரே ஒருத்தர்கிட்டத்தான் இருக்காம். லிஃப்ட் ரிப்பேர் பண்றவராம். சரியான கஞ்சன். கண்ணுலகூடக் காட்ட மாட்டாராம்.”

“அப்படியா?” என்று கேட்டுவிட்டு லிஃப்ட்காரர் வெளியே வந்தார். காது சிவந்த சிவப்பில் எதிரே வந்த வண்டி நின்றதாகக் கேள்வி.

பத்தொன்பதாம் நாள் மனைவி கத்தரிக்கோலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“என்னங்க, நீங்க வெட்டுறீங்களா, நான் வெட்டட்டுமா? அவங்க கண்ணுக்கு உங்க உறை மாதிரி சீல் வைக்க முடியாது.”

103-ஐ எடுத்தார். உறையின் உள்பக்கம் ஒரு பழுப்புப் புள்ளி. அது அச்சில் விழுந்த புள்ளி என்று இத்தனை வருடமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். வாயை வெட்டினார். குபீரென்று ஒரு வாடை. மூடிய கிணற்றைத் திறந்த மாதிரி. பக்கத்தைப் புரட்டப் பார்த்தார். பக்கமே இல்லை. முப்பத்திரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகை. மேசையில் தட்டினால் ‘டொக்’ என்றது.

அக்கா படிக்காத இருபத்தொன்பதையும் வெட்டினார். பதினொன்று கறையோடு திறந்தன. மீதிப் பதினெட்டும் பலகை. மனைவி வெட்டிய உறைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்று மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு போனார். அக்கா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி தயாராக இருந்தாள். மடியில் 102-உம் 104-உம். படித்துப் படித்து ஓரமெல்லாம் பஞ்சாகிவிட்ட இதழ்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைக்கண்ணால்தான் தம்பியைப் பார்த்தாள். நேரே பார்த்தால் நடுவில் ஒரு கரும்புகை நிற்கிறதாம்.

“கொடுடா.”

கொடுத்தார். வாங்கியவள் விரலால் ஓரத்தைத் தேடினாள். நாற்காலிக் கையில் தட்டிப் பார்த்தாள்.

“என்னடா, புத்தகம் கேட்டா கதவைக் கழட்டிக்கிட்டு வந்திருக்க?”

ஈரத்தைச் சொன்னார், மெஷினைச் சொன்னார், மழையைச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“போகட்டும் விடு. நீ படிச்சிருக்கேல்ல? வாயால சொல்லு. அந்தக் குகையிலிருந்து எப்படி வந்தான்?”

லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“அது வந்துக்கா… பாறையில சங்கிலியைக் கட்டி, படகால இழுத்து…”

“எந்தப் படகு? 102-லயே படகு எரிஞ்சு போச்சேடா.”

“இது வேற படகு.”

“நடுக்கடல்ல யாரு கொண்டுவந்தா?”

“திமிங்கலம் தள்ளிக்கிட்டு…”

“டேய்.”

உள்ளே அத்தான் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“நீ படிக்கவே இல்லையா?”

தலையை ஆட்டினார். அவள் கண்ணுக்கு அது தெரியாது என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. “இல்லக்கா” என்றார். “103-லேருந்து ஒண்ணுகூட இல்ல.”

அக்கா முதலில் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்துபோயிற்று.

“உங்க அத்தான்கிட்ட அடிக்கடி சொல்லுவேன், எனக்குத் தெரியாட்டி என்ன, தம்பிக்குத் தெரியும்லன்னு. கோவமா இருந்தாலும் அதுல ஒரு நிம்மதி இருந்துச்சுடா. வீட்டுல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கேன்னு.”

அவர் அவள் மடியிலிருந்த 103-ஐ எடுத்து, நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்தார்.

அத்தான்தான் அடுப்பில் கெட்டிலை வைத்தார். யாரும் கேட்கவில்லை. தபால்தலை சேர்க்கிறவர் அவர், உறையிலிருந்து உரித்துப் பழகியவர்; ஆவி காட்டினால் கோந்து இளகும் என்று அவருக்குத் தெரியும். லிஃப்ட்காரர் 103-ஐ ஆவியில் பிடித்தார். விரல் வெந்தது, எடுக்கவில்லை. ஒரு பக்கம் மெல்லப் பிரிந்து வந்தது. வரும்போதே எழுத்தில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் போயிற்று. வசனம் ஒன்றுகூட முழுசாக இல்லை. மூலையில் ஒரே ஒரு படம் மட்டும் பிழைத்திருந்தது.

அக்கா அந்தத் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கண்ணருகே கொண்டுபோனாள். இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள்.

“இது கையா, கயிறாடா?”

அவர் குனிந்து பார்த்தார். பழுப்பாக ஒரு தீற்றல்.

“சத்தியமாத் தெரியலக்கா.”

“தெரியாதுன்னா தெரியாதுன்னே சொல்லு, அது போதும்” என்றாள் அக்கா. “அடுத்த பக்கத்தை எடு. வெளிச்சம் இருக்கறப்பவே பார்த்துடலாம்.”

அவர் பலகையை மறுபடி ஆவியில் பிடித்தார்.