நின்ற காற்றாலையின் இரைச்சல்

அளவில் கை வைக்காதவர் சொல்லிலும் வைக்கமாட்டார் என்று பால்காரரைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆகவே, இரண்டாவது காற்றாலைக்குச் சம்மதம் கேட்டுக் கூடிய கூட்டத்தில் அவர் எழுந்ததும் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டனர். முதல் காற்றாலை வந்ததிலிருந்து தூக்கம் போயிற்று, இரவெல்லாம் காதுக்குள் ரீங்காரம் என்றார். பேச்சு வேகத்தில், மாட்டுக்குப் பால் வற்றியதாகவும் சேர்த்துக்கொண்டார். எதிர்ப்புக் கைகள் மளமளவென்று உயர்ந்தன.

காற்றாலை வரவேண்டிய கல்லாங்காடு அவருடைய தங்கையினுடையது. கணவன் போனபின் அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். விதைத்தால் விதைகூடத் திரும்பாத நிலம். அதைக் குத்தகைக்கு விட்டு மகளை மேலே படிக்கவைத்துவிடலாம் என்று நம்பியிருந்தாள். அவள் பக்கம் பாராமல் அவரும் கையை உயர்த்தினார்.

மறுநாள் மாலை, தொழுவத்தின் பின்னால் நின்றவர் தற்செயலாக மேட்டைப் பார்த்தார். காற்றாலை ஓடவில்லை. இறக்கையொன்றில் கயிறு கட்டித் தொங்கியபடி இரண்டு பேர் பழுது பார்த்துக்கொண்டிருந்தனர். ரீங்காரமோ குறையவேயில்லை.

காதைத் தீட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தார். காற்றாலை வந்த அதே கோடையில், விற்று மீந்த பாலை வைக்க அவர் வாங்கிய குளிர்பெட்டி அங்கே உறுமிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தார். ரீங்காரம் நின்றது.

சுவருக்கு அப்பால், அடுத்த வீட்டிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்.

"ஏண்ணே, கரண்ட் போயிடுச்சா? பால் திரிஞ்சிடப்போகுது."

"இந்தச் சத்தம் உனக்குக் கேக்குமா?"

"என் தலைமாட்டுலதானே ஓடுது. பழகிடுச்சு."

"அப்புறம் ஏன் கூட்டத்துல வாயைத் திறக்கல?"



"நாலு பேர் முன்னாடி உன்னைத் தப்புன்னு எப்படிண்ணே சொல்றது?"

பால் கெட்டுவிடுமே என்று சுவிட்சை மறுபடியும் போட்டார். அதன்பின் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

டீக்கடை பெஞ்சில் ஊர்த்தலைவரும் தையல்காரரும் உட்கார்ந்திருந்தனர். ஊரின் மறுகோடியில் குடியிருக்கும் தையல்காரருக்கும் நேற்றிலிருந்து ரீங்காரம் கேட்கிறதாம். காற்றாலைதான் பழுதாகி நிற்கிறதே என்று கடைக்காரர் கேட்டதற்கு, நின்றாலும் அது உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று விளக்கம் வேறு சொன்னார்.

"அது காத்தாலை இல்லீங்க, என் பால்பெட்டி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். திரும்பக் கூட்டம் போடுங்க," என்றார் பால்காரர்.

தலைவர் அவர் தோளில் கைவைத்தார்.

"தங்கச்சி அழுதிருக்கும். அதான் மனுஷன் பழியைத் தன் தலைல போட்டுக்கறாரு. அண்ணன்னா இப்படியில்ல இருக்கணும்!"

தன் வீட்டுக்கு வந்து காதால் கேட்டுப் பார்க்கச் சொன்னார் பால்காரர், ஒருவரும் எழவில்லை. மறுக்க மறுக்க அவருடைய மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. தையல்காரர் நகர்ந்து இடம் கொடுத்து, தம் கணக்கில் அவருக்கு ஒரு டீ சொன்னார்.

டீ வந்தது. வற்றிவிட்டதாக அவர் சொன்ன பால்தான் அதில் கலந்திருந்தது.