கன்னத்துச் சூடு

ஐஸ்வர்யா மேடம் என் காபியைக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றியதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒளித்து மறைத்துக்கூட ஊற்றவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள்.

என் பேர் கலைமதி. காரிமங்கலம் போகிற வழியில் இருக்கிற ஒரு என்ஜினியரிங் காலேஜில் ஒன்பது வருஷமாகக் கேன்டீன் நடத்துகிறேன். வாய்க்காரி என்று சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த வாய் இல்லையென்றால் என்றைக்கோ என்னை மென்று துப்பியிருப்பார்கள். நேராக அவளிடமே போனேன்.

"என்ன மேடம், செடிக்குத் தலைவலியா? காபி குடுக்கறீங்க?"

"குடிக்க முடியலக்கா. ஒரே கருகுன வாடை. டீயாவது நல்லா இருக்கான்னா அதுல வெறும் கலர்தான். ஸ்டாஃப் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மேனேஜர்கிட்ட குடுத்துட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே மேனேஜர் மாதவராஜ் கூப்பிட்டு அனுப்பினார். "வெள்ளிக்கிழமை காபி மெஷின்காரன் வர்றான். அவன் காபியும் உங்க காபியும் வெச்சுப் பாக்கறோம். எது நல்லா இருக்கோ அவங்களுக்குத்தான் கேன்டீன்," என்றார்.

"மெஷின் வந்துட்டா நான் எங்கங்க சார் போறது?"

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா? பாத்திரத்தைக் கழுவிக் கட்டு என்று அர்த்தம். இந்தக் கேன்டீனைத் தவிர எனக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

இத்தனைக்கும் நான் தூள் வாங்குவதில் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. தருமபுரி கடைவீதியில் ஹயாத் பாஷா கடைதான். ஒவ்வொரு தடவையும் பொட்டலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால்தான் வாங்குவேன். புதிதாக வறுத்து அரைத்ததென்றால் சுட வேண்டாமா? நேராகக் காலேஜுக்கு வந்து மேனேஜரிடமும் நீட்டுவேன். "கன்னத்துல வெச்சுப் பாருங்க சார். சுடுதுல்ல? சூடு இல்லன்னா அது பழசு. என்னை யாரும் ஏமாத்த முடியாது." அவருக்கு அந்த வித்தை ரொம்பப் பிடித்துவிட்டது. காலேஜுக்கு யாராவது வந்தால் அவர்கள் கன்னத்திலும் வைத்துக் காட்டுவார்.

ஆகவே கருகிய வாடைக்குக் காரணம் பாஷா பாய்தான் என்று முடிவு கட்டி வியாழக்கிழமை பஸ் ஏறினேன். கடைக்குள் காலை வைக்கும்போதே ஆரம்பித்தேன்.

"ஏன் பாய், ஒம்பது வருசமா உங்க கடையில வாங்கறனே, எனக்கே குழி வெட்டறீங்களா? என்னத்தக் கலக்கறீங்க அதுல? புளியங்கொட்டையா?"

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். பாஷா பாய் தராசிலிருந்து தலையை நிமிர்த்தினார். "மரியாதையாப் பேசும்மா. நீ கேக்கற அளவுதான் சிக்கரி போடறேன். ஒரு குண்டுமணி கூட்டினது இல்ல."

"அப்ப ஏன் என் காபிய செடிக்கு ஊத்தறாங்க?"

"உனக்குக் காபி போடத் தெரியல. அதுக்கு நான் என்ன பண்ண?"

"எனக்குத் தெரியலயா? உங்க கையாலயே உங்க கடைய இழுத்துப் பூட்ட வெக்கல, நான் கலைமதி இல்ல!"

கல்லாவில் அவர் மகள் சமரீன் உட்கார்ந்திருந்தாள். படிப்பை முடித்துவிட்டு ரெண்டு மாதமாகத்தான் கடைக்கு வருகிறாள். அவள் எழுந்து, "போதும்ப்பா, சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்றேன்," என்றாள்.

"நீ வாய மூடு," என்றார் பாய்.

அவள் மூடவில்லை. பின்கட்டுத் திரையை விலக்கிக் காட்டினாள். அங்கே ஒரு கேஸ் அடுப்பு, அதன்மேல் இரும்புச் சட்டி, சட்டியில் காபித்தூள். "அக்கா, நீங்க வந்தா மீந்த தூள அதுல போட்டுச் சூடு பண்ணித்தான் பொட்டலம் கட்டுவாங்க. ஒம்பது வருசமா."

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. கையில் கிடைத்த அளவு டப்பாவைத் தூக்கி மேசைமேல் எறிந்தேன். "அடப்பாவி மனுசா! நாசமாப் போவீங்க! என் தலையில இத்தன வருசமா மொளகா அரைச்சிருக்கீங்களே!"

பாய் அசையவில்லை. டப்பாவை எடுத்து இருந்த இடத்தில் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. பழைய கோபம் ஒன்று இருந்தது.

"இதே மேச. இதே மாதிரி எறிஞ்ச. ஞாபகம் இருக்குதா? முதல் தடவ நீ வந்தன்னைக்கு, முந்தின நாள் வறுத்து, நல்லா ஆற வெச்சு, காலையில அரைச்ச தூளக் குடுத்தேன். நம்பர் ஒன் கொட்ட. கன்னத்துல வெச்சுப் பாத்துட்டு, 'ஆறிப்போன பழச என் தலையில கட்டறியா, திருட்டு பாய்'னு இந்த மேசமேல எறிஞ்ச. கட நெறைய ஆளு. காபிய வறுத்ததும் ஆற வெக்கணும்மா, சூட்டோட கட்டுனா செத்துப் போயிடும்னு அன்னைக்கே சொன்னேன். நீ காது குடுத்தியா?"

ஞாபகம் இருந்தது.

"நீ காபி கேக்கல, சூடு கேட்ட. சூடு குடுத்தேன். டீக்கும் அப்படித்தான். போட்டதும் செவக்கணும்ன. செவக்கற தூசியக் குடுத்தேன். சூடுதான் வேணும்னா பழசானா என்ன, புதுசானா என்ன?"

"அதுக்குப் பழசக் குடுத்துட்டுப் புதுசுக்கு வெல வாங்குவீங்களா?"

"திருட்டு பாய்னு பேர் வாங்கியாச்சே. சும்மா வாங்குவானேன்?"

மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற முகமா அது! வேறு கடைக்குப் போகலாம் என்றால் விடிந்தால் வெள்ளிக்கிழமை. "எடுங்க, உங்க நல்ல சரக்க. நான் பொறுக்கறேன். உங்க கைய நம்பமாட்டேன்," என்றேன்.

"உன் மூக்க மட்டும் நம்பலாமாக்கும்," என்றார்.

மூன்று தட்டில் வறுத்த கொட்டையை வைத்தாள் சமரீன். ஒவ்வொன்றாகக் கடித்தேன். முதல் தட்டில் இருந்தது நமத்துப் போன கடலை மாதிரி நசுங்கியது. ரெண்டாவதை உள்ளங்கையில் தேய்த்தால் பழைய எண்ணெய் சிக்கு அடித்தது. மூன்றாவது பல்லில் பட்டதும் மடக்கென்று உடைந்தது, அதன் மணம் மூக்குக்கு ஏறி ரொம்ப நேரம் போகவில்லை. ஒன்பது வருஷத்தில் கொட்டையை நான் வாயில் போட்டதே அன்றுதான். அதை நினைத்தால் இப்பவும் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

"அது நேத்து வறுத்ததுக்கா," என்றாள் சமரீன். டீயில் தூசியை ஒதுக்கிவிட்டு, முறுக்கிக் கிடந்த நீலகிரி இலையை எடுத்து வைத்தாள். "பச்சத் தண்ணியில போட்டதும் சாயம் விட்டா வாங்காதீங்க. கொதிக்கற தண்ணிய ஊத்தி அஞ்சு நிமிசம் மூடி வெச்சா போதும், போட்டுக் கொதிக்க விட்டுடாதீங்க."

கொட்டையை என் கண்முன்னால் அரைக்கச் சொன்னேன். அரவை மெஷினிலிருந்து விழுந்த தூளைப் பரப்பி ஆறவிட்டு, அரைக்கிலோ கட்டிக் கொடுத்தாள். பழக்கதோஷத்தில் கை கன்னத்துக்குப் போயிற்று. "திருந்த மாட்ட," என்றார் பாய். பணத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

"அக்கா," என்று சமரீன் வாசல் வரைக்கும் வந்தாள். "சூடு மட்டும் பண்ணிடாதீங்க. வாசன வெளிய வந்துடுச்சுன்னா கப்புல வராது."

வெள்ளிக்கிழமை மேனேஜர் வருவதற்கு முன்பே டிகாக்‌ஷன் இறக்கிவிட்டேன். ஐஸ்வர்யா மேடம்தான் முதலில் வந்தாள். தொட்டிப் பக்கமாகவே நின்றுகொண்டு ஒரு வாய் குடித்தாள். அப்புறம் இன்னொரு வாய். டம்ளரைக் காலி செய்துவிட்டு, "அக்கா, இது காபி," என்றாள். "இன்னொண்ணு குடுங்க." எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மெஷின்காரன் மூலையில் பிளக் சொருகி, பேப்பர் கப்பில் ஆவி பறக்கக் காபி பிடித்து வைத்தான். மேனேஜர் வந்தார். கப்பையும் தொடவில்லை, டம்ளரையும் தொடவில்லை. வழக்கம் போல என் மேசைக்கு வந்தார், பொட்டலத்தை எடுத்தார், கன்னத்தில் வைத்தார்.

அவர் முகம் மாறியது. "என்னங்க இது? ஆறிக் கெடக்குது?"

"சார், வறுத்தத ஆற வெச்சாத்தான் சார் நல்லது..."

"யாரு சொன்னா? சூடு இல்லன்னா பழசுன்னு ஒம்பது வருசமா நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? இப்ப மாத்திப் பேசறீங்க?"

"நம்மளுது தொட்டாலே சுடும் சார்," என்று இளித்தான் மெஷின்காரன். அவன் பல்லைத் தட்டியிருப்பேன்.

"சார், நீங்க குடிச்சுப் பாருங்க, நல்லா இருக்கு," என்றாள் ஐஸ்வர்யா மேடம்.

"பழசுன்னு தெரிஞ்சே குடிக்கச் சொல்றீங்களா மேடம்?" மேனேஜர் பொட்டலத்தை மேசையில் போட்டார். தூக்கிப் போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

பாய் மாதிரி எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். கேட்கிற காதா இது? சொல்லிக் கொடுத்தவளே நான்தானே.

"பொட்டலம் மாறிப் போச்சு சார்," என்றேன். "ரெண்டு நிமிசம் இருங்க."

உள்ளே போய்த் தாளிக்கிற இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தேன். பொட்டலத்தைப் பிரித்து மிச்சமிருந்த தூள் மொத்தத்தையும் கொட்டினேன். கரண்டியால் கிளறக் கிளற மணம் கேன்டீன் முழுக்கப் பரவியது. வெளியே யாரோ "ஆகா" என்றார்கள். அத்தனையும் கூரை ஓட்டுக்கு மேல் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே கிளறினேன். "பாவி, பாவி," என்று சொல்லிக்கொண்டே கிளறினேன். பாயைத் திட்டினேனா, என்னைத் திட்டினேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

திரும்பக் கட்டிக் கொண்டுபோய் நீட்டினேன். மேனேஜர் கன்னத்தில் வைத்தார், கண்ணை மூடினார். "இதாங்க ஃப்ரெஷ்!" என்றார். அப்புறம்தான் டம்ளரை எடுத்தார். அதில் இருந்தது காலையில் இறக்கிய டிகாக்‌ஷன். "பாத்தீங்களா, சூடான தூள்னா சூடான தூள்தான்," என்று மெஷின்காரனிடம் சொல்லிவிட்டு ரெண்டு டம்ளர் குடித்தார். டீ இலையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மெஷின் வந்த வேனிலேயே திரும்பிப் போயிற்று. கேன்டீன் இன்னும் ஒரு வருஷத்துக்கு எனக்கு.

திங்கட்கிழமை அந்தச் சட்டித் தூளில்தான் காபி போட்டேன். வேறு தூள் இல்லை. ஐஸ்வர்யா மேடம் ஒரு வாய் குடித்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் குரோட்டன்ஸ் பக்கம் நடந்தாள். ஊற்றட்டும், என்ன முகத்தோடு கேட்பது?

அன்று மத்தியானமே பாய்க்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும், "என்னா, கேன்டீன் போச்சா?" என்றார். ஆசையைப் பாருங்கள்!

"போகல. உங்க வாய்ல மண்ணு. சரக்கு வேணும். ரெண்டு பொட்டலமாக் கட்டுங்க."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு ஆறுனது, நல்ல கொட்ட, ரெண்டு கிலோ. அது காபிக்கு." கொஞ்சம் நிறுத்தினேன். சொல்ல நாக்கு கூசியது. "இன்னொண்ணு சட்டியில போட்டது."

பாய் சிரித்தால் போனைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடுவேன் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"அது எவ்வளவும்மா?" என்றார்.

"கால் கிலோ போதும்," என்றேன். "கன்னத்துக்குத்தான்."