போட்டாச்சு சார்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பேர் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். சிறுநீரகம் பழுதானவர்களை வேனில் ஏற்றி டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்விட்டு, திரும்ப வீட்டில் சேர்க்கும் அலுவலகம் அது. மூத்த மருமகள் உள்ளறையில் கணினி வேலை. இளையவள் வாசல் கவுன்ட்டரில் நோயாளிகளுக்கு நேரச் சீட்டு அச்சடித்துக் கொடுப்பவள்.

யாரை எப்போது ஏற்றுவது என்று சொல்லும் மென்பொருளை எழுதியவள் மூத்தவள்தான். விவரங்கள் எல்லாம் சர்வரில் ஒரே இடத்தில் இருந்தன; அவற்றைத் திறந்து பார்க்கும் படிவங்கள் மட்டும் ஒவ்வொரு கணினியிலும் ஒரு காப்பி. படிவத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் பதினான்கு கணினிகளிலும் புதுக் காப்பி போட்டாக வேண்டும். திறக்கும்போதே தானாகப் புதியதை எடுத்துக்கொள்ளும்படி செய்ய அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் வேலை. ஆனாலும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். பென்டிரைவோடு அறை அறையாகப் போகும்போது எல்லோரும் எழுந்து நாற்காலி கொடுப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த மாதம் ஆஸ்பத்திரி மதிய டயாலிசிஸை முன்னுக்குத் தள்ளியதால், வேன் ஏற்றும் நேரம் இரண்டு மணியிலிருந்து பன்னிரண்டுக்கு மாறியது. நேரப் பட்டியல் படிவத்துக்குள்ளேயே இருந்ததால் மூத்தவள் அதைத் திருத்தி, பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பதின்மூன்று கணினி முடிந்தது. மிச்சம் கவுன்ட்டர் மட்டும்தான்.

அப்போது அவளும் இளையவளும் பேசி பன்னிரண்டு நாளாகியிருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் இளையவள், "அக்காவுக்குக் கம்ப்யூட்டர விட்டா வேற ஒண்ணும் ஓடாது" என்று சொல்லப்போக, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமியாரும் சிரித்தார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மூத்தவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

கவுன்ட்டர் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். இளையவள் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். வேண்டுமானால் அவளே வந்து கேட்கட்டும் என்று திரும்பி வந்து, கணினிப் பட்டியலில் பதினான்கையும் டிக் அடித்தாள். மற்ற வேலைகளில் அதை அடியோடு மறந்தும் போனாள்.

ஐந்தாம் நாள் ஒரு வயதான அம்மாள் கையில் சீட்டோடு வந்து மேலாளர் அறையில் உட்கார்ந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அவருடைய கணவர் அந்த வாரம்தான் புதிதாகச் சேர்ந்தவர். பழையவர்களுக்கெல்லாம் போனில் நேரம் சொல்லியாகிவிட்டது. இவருக்குச் சீட்டு மட்டும்தான். அதில் இரண்டு மணி என்றிருந்தது. வேன் பன்னிரண்டுக்கே போய், வீடு பூட்டியிருக்கக் கண்டு திரும்பிவிட்டது. அன்று டயாலிசிஸ் நடக்கவில்லை. மறுநாள் கால் வீங்கி மூச்சு முட்டி, அவரை அவசரப் பிரிவில் சேர்க்க வேண்டியதாயிற்று.

மேலாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். வேன் பொறுப்பாளரும் அங்கே இருந்தார்.

"எல்லா மெஷின்லயும் புதுசு போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு சார்." வார்த்தை தானாக வந்து விழுந்தது. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. "பழைய காப்பி எதையாவது எடுத்து வச்சுத் திறந்திருப்பாங்க" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

இளையவளின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் தெரியாம எதையாவது தொட்டிருப்பேன் சார்" என்றாள். அவள் உண்மையிலேயே அப்படி நம்பினாள். மூத்தவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் இளையவள் நேரே வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள். கேட்டவர்களிடம் தலைவலி என்றாள். நடந்ததைப் பற்றி மாமியாரிடமோ புருஷனிடமோ மூச்சு விடவில்லை. 

மறுநாள் காலை மூத்தவள் எல்லோருக்கும் முன்னால் போய்க் கவுன்ட்டர் கணினியைத் திறந்தாள். படிவத்தின் மூலையில் பழைய பதிப்பின் எண்தான் இருந்தது. இன்னொரு தவறான சீட்டு போகக் கூடாதே என்று முதலில் புதுக் காப்பியைப் போட்டாள். போட்ட பிறகுதான் உறைத்தது: சாட்சியம் என்று இருந்த ஒன்றும் அழிந்துவிட்டது. இனி அவள் வாய் திறந்தால்தான் உண்டு. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனசு லேசானது. அதை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது.

இளையவள் பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மூத்தவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உன் மெஷின்ல நான் புதுசு போடவே இல்ல."

"மறந்துட்டீங்களாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "மறக்கல. உன்கிட்டப் பேச வேண்டியிருக்குமேன்னு திரும்பிப் போயிட்டேன்."

இளையவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நேத்து அந்தம்மா கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டேன்க்கா. பரவாயில்லம்மான்னு என் தலையைத் தடவுனாங்க. அத நான் இப்ப என்ன பண்றது?"

மூத்தவள் நேரே மேலாளரிடம் போனாள். வேன் பொறுப்பாளரையும் இளையவளையும் கூப்பிடச் சொல்லி, நேற்று பொய் சொன்ன அதே இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அந்த வாரமே முடித்து, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொன்னார். விளக்கக் கடிதமும் எழுதித் தரச் சொன்னார். அறை அறையாகப் போகும் வேலை அவளுக்கு அதோடு தீர்ந்தது.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரியவர் வீக்கம் வடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நேத்து அழுத பொண்ணு எதுவும் பண்ணலையா?" என்றார்.

"இல்லம்மா."

"முதல்ல அதுகிட்டப் போங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கணவரின் போர்வையைச் சரி செய்யத் திரும்பிக்கொண்டார். பரவாயில்லை என்ற வார்த்தை வரவில்லை. மூத்தவளும் அதற்காகக் காத்து நிற்கவில்லை.

அன்று இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து இடம் காலியாக இருந்தும் இளையவள் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். வீட்டில், சாப்பிடும்போது எல்லோர் முன்னிலையிலும் மூத்தவள் நடந்ததைச் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இளையவள் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல், "குழந்தைங்க இருக்காங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.