ஒன்றரை வருஷத்து விருந்தாளி

கண்ணாத்தாளின் அப்பா சென்னிமலை, மகள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. யார் கேட்டாலும், "வெள்ளிக்கிழமை கிளம்பறேனுங்க" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்ல மாட்டார். அதற்கு அத்தாட்சியாகச் சுவர் ஆணியில் ஒரு பை தொங்கும். ஒரு வேட்டி, ஒரு துண்டு, வெற்றிலைச் சுருக்குப் பை எல்லாம் அதற்குள் எப்போதும் தயாராக இருக்கும்.

பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் அப்பன்காரன் உட்கார்ந்து தின்பது அந்தப் பக்கத்தில் மானக்கேடான காரியம். வந்தால் கை நிறையக் கொண்டு வர வேண்டும், ஒரு வேளை சாப்பிட வேண்டும், பொழுதோடு பஸ் ஏற வேண்டும். சரிதான், ஆனால் அவர் பஸ் ஏறிப் போய் எங்கே இறங்குவது? சொந்த ஊரான மல்லசமுத்திரத்தில் கிணறு வற்றி, காடு தோட்டம் கைவிட்டுப் போய் வெகு காலம் ஆயிற்று. பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கண்ணாத்தாளைத் தவிர வேறு பிள்ளை கிடையாது. பார்வையும் மங்கி, அடுப்பு எங்கே அம்மி எங்கே என்று தடவ ஆரம்பித்ததும் அவளே போய்க் கையைப் பிடித்துப் பள்ளிபாளையத்துக்குக் கூட்டி வந்தாள். "ஒரு வாரம் இருந்துட்டு வாரேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்த மனுஷர்தான்.

கண்ணாத்தாளும் அவள் புருஷன் அர்த்தநாரியும் ஒரே நூல் மில்லில் வேலை. அவன் நூல் நூற்கிற ரிங் பிரேமில், அவள் நூலைச் சுற்றுகிற கோன் வைண்டிங்கில். ஷிப்ட் மாறி மாறி வரும். இருவரும் இல்லாத நேரத்தில் அப்பா என்ன செய்கிறாரோ, எங்கே இடித்துக்கொள்கிறாரோ என்று அவளுக்கு வேலையில் கவனமே நிற்காது. ஆற்றைத் தாண்டி ஈரோட்டில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினாள். அவர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணில் புரை முற்றிக்கொண்டு வருகிறது. ஐப்பசிக்குள் அறுத்து எடுத்தால் பார்வை நிற்கும். விட்டால் அதுவும் போகும். அவர் கேட்ட பணம் இரண்டு பேருடைய சம்பளத்தையும் சேர்த்தாலும் எட்டாது.

"தர்மாஸ்பத்திரிக்குப் போலாமுங்கப்பா. அங்க சும்மாவே பண்றாங்க."

"தர்மாஸ்பத்திரியா? நானென்ன கையேந்தியா சாமி? எங்கப்பன் பாட்டன் காலத்துல நாங்க நாலு பேருக்கு அளந்து போட்ட கை." எதிரில் நின்றது மகளா, கதவா என்று தெரியாத நிலையிலும் பேச்சில் வீறாப்புக்கு ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் அர்த்தநாரிக்குத் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. ஞாபகம் வந்தது. "மாமா, அது தர்மம் இல்லீங்க. மாசா மாசம் சம்பளத்துல புடிக்கிறாங்க. மொதலாளியும் ஒரு பங்கு போடோணும். ஊட்ல இருக்கறவங்களுக்கும் வைத்தியம் பாப்பாங்க. நம்ம பாத்தியதைங்க அது." சென்னிமலை கணக்குப் போட்டுப் பார்த்தார். மருமகன் ஆண்பிள்ளை, மரியாதைப்பட்டவர், அவர் முறையாகச் செய்வதை ஏற்றுக்கொண்டால் ஊர் ஒன்றும் சொல்லாது. "மாப்பிள்ளை சொல்றதுனா சரிதானுங்க" என்று பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்.

மறுநாள் அர்த்தநாரி தன் கார்டை எடுத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனான். கண்ணாத்தாளும் கூடப் போய், வழக்கம்போல அவனுக்குப் பின்னால் நின்றாள். அங்கே பேர் பதிகிற நாச்சிமுத்து, கார்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாமனாருக்கு வராதுங்க. சம்சாரம், குழந்தைங்க, உங்களையே நம்பி இருக்கற சொந்த அப்பா அம்மா, அவ்வளவுதான். மாமனார் மாமியார் சேத்தி இல்லை."

"அப்பான்னே எழுதிக்கோங்க சார். எனக்கு அவரும் அப்பா மாதிரிதானுங்க."

"உங்க பேருக்குக் கீழயே உங்கப்பா பேரு போட்டிருக்குதே. ஒரு ஆளுக்கு எத்தனை அப்பாங்க?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அர்த்தநாரிக்கு முகம் சிவந்துவிட்டது. நாச்சிமுத்து அவனை விட்டுவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அந்தம்மா யாரு? உங்க சம்சாரமா? அவங்க வேலைக்குப் போறாங்களா?"

"எங்க மில்லுதானுங்க."

"அட, அப்ப அவங்களுக்குத் தனிக் கார்டு இருக்கோணுமே! அவங்கப்பா அவங்க கார்டுலதானுங்க வருவாரு."

கார்டு இருந்தது. எங்கே என்றால், டிரங்குப் பெட்டியில் முகூர்த்தப் புடவைக்கு அடியில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடுத்தார்கள், கொண்டு போய் அங்கே வைத்தாள், அதோடு சரி. காய்ச்சல் தலைவலி என்றால் புருஷன் கார்டில், அவன் சம்சாரமாகத்தான் மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி ஏறிய பிறகு தனக்கென்று தனியாக ஒன்று எதற்கு என்பது அவள் எண்ணம். அந்த மில்லில் பாதிப் பெண்கள் அப்படித்தான். சம்பளத்தில் பிடிப்பதை மட்டும் ஒரு மாதமும் தவறாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து இன்னொன்றும் சொன்னார். "மகளைக் கட்டிக் கொடுத்துட்டாலும் பாதகமில்லை. ஆனா அவர் உங்க கூடவே குடியிருக்கோணும், உங்களை நம்பித்தான் இருக்கறார்னு அவரே வந்து சொல்லோணும்."

கண்ணாத்தாளுக்குப் பாதி உயிர் வந்து பாதி போயிற்று. தர்மாஸ்பத்திரிக்கே மாட்டேன் என்றவர், மகள் சோற்றில் இருக்கிறேன் என்று நாலு பேர் நடுவில் சொல்வாரா?

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். சென்னிமலை எழுந்து சுவரைத் தடவித் தடவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நான் வெள்ளிக்கிழமை கிளம்பறேன் சாமி."

"இன்னைக்கே வெள்ளிக்கிழமைதானுங்கப்பா."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பையோடு நின்றார். கண்ணாத்தாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"போங்க. எங்க போவீங்க? பஸ்சு போர்டு தெரியுமா உங்களுக்கு? எனக்கு ஒரு அண்ணன் இருந்து அவன் மில்லுக்குப் போயிருந்தா, அவன் கார்டுல போயிருப்பீங்களா, மாட்டீங்களா?"

"போயிருப்பேன்."

"அப்ப நான் ஆருங்கப்பா? நானும் அதே மில்லுலதான் நிக்கறேன். எனக்கும் அதே கால் வலிதான். எங்கிட்டப் புடிச்ச காசு மட்டும் உங்களுக்கு ஆவாதா?"

அர்த்தநாரி எதற்கோ வெளியே போவதுபோல நழுவிவிட்டான். நல்ல மருமகன்கள் இப்படிச் சமயம் பார்த்து நழுவத் தெரிந்தவர்கள். சென்னிமலை பையை மாட்டியபடியே சுவரோரம் உட்கார்ந்தார். கண்ணாத்தாள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. "நாளைக்கு எனக்கு ரெண்டாவது ஷிப்ட். காத்தால போலாம். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போனாள். கரைத்ததில் பாதிப் புளி கீழே போயிற்று.

காலையில் அவள் தலை சீவிக்கொண்டிருக்கும்போதே, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் நின்றிருந்தார். "கார்டை எடுத்துக்கிட்டியா?" என்றார், என்னவோ அவள்தான் நேரம் கடத்துகிற மாதிரி.

மருந்தகத்தில் நல்ல கூட்டம். நாச்சிமுத்து கேட்டார். "பெரியவரே, காடு தோட்டம் ஏதாச்சும் இருக்குதுங்களா? வருமானம்?"

"எதும் இல்லீங்க."

"ஆரு கூட இருக்கறீங்க?"

"நான் வந்துங்க, இங்க ஒரம்பரையா..." என்று விருந்தாளிக் கதையை ஆரம்பித்து நிறுத்தினார். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, தனக்குக் கண் போல எதிராளிக்குக் காது மந்தம் என்று நினைத்தவர் போல உரக்கச் சொன்னார். "எம்பட மக கூட இருக்கறேனுங்க. அவதான் சோறு போடறா. அவளை நம்பித்தான் இருக்கறேன்."

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் இருமல். நாச்சிமுத்து பேனாவை மைக்கூட்டில் தொட்டு, "எத்தனை நாளா?" என்றார்.

"ஒன்றரை வருஷமாச்சுங்க."

ஐப்பசி பிறப்பதற்கு முன்னாலேயே மருந்தகத்து டாக்டர் எழுதிக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்து, சோடா பாட்டில் அடி மாதிரி ஒரு கண்ணாடி போட்டுவிட்டார்கள். கண்ணாடி வந்த நாளிலிருந்து சென்னிமலைக்கு மகள் வீட்டில் எல்லாமே குறையாகத் தெரிந்தது. மூலையில் ஒட்டடை, ரசத்தில் கடுகு கம்மி, மருமகன் சட்டையில் பொத்தான் இல்லை. கண்ணாத்தாள் அத்தனை திட்டையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். அவள் மனசு அப்படி நிறைந்து நெடுநாள் ஆகியிருந்தது.

சொட்டு மருந்து வாங்க மறுபடி மருந்தகத்துக்குப் போனபோது, பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். மகன் கூட்டி வந்திருந்தான் போல. சென்றாயன் என்று பேர் சொன்னார். கண்ணாடியைப் பார்த்துவிட்டு மெல்ல விசாரித்தார். "மகன் கார்டுங்களா?"

"இல்லீங்க, மக கார்டு."

"மக கார்டுலகூட முடியுமுங்களா?"

சென்னிமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஈ.எஸ்.ஐ. சட்டத்தையே அவர்தான் எழுதியவர் போல ஆரம்பித்தார். "மருமகன் கார்டுல மாமனாருக்கு வராதுங்க, அது செல்லாது. பெத்த புள்ளை கார்டுதான். புள்ளைன்னா பொண்ணும் புள்ளைதான். மாசா மாசம் புடிக்கிறாங்கல்ல, அவ பாத்தியதை அது."

"இருந்தாலும் பொண்ணுகிட்டப் போயி எப்படீங்க... நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். ஆம்பளைப் புள்ளை இல்லியே, கடைசில நமக்கு ஆரு இருக்கறான்னு மனசுக்குள்ள அழுதிருக்கறேன். இவ பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா. கண்ணு எனக்கு அப்பவே சரியில்ல போலிருக்குதுங்க."

கண்ணாத்தாள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்து, கார்டில் இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"கண்ணாத்தாள்! ஆருங்க கண்ணாத்தாள்?"

அவள் எழுவதற்கு முன்னால் சென்னிமலை எழுந்துவிட்டார். "நாந்தானுங்க, வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் நேராக ஜன்னலுக்கு நடந்து போனார்.